இடைவேளையில எந்திரிக்கறவ

இல்ல கண்ணு, நீ காலை இழுக்காத. நான் இப்ப எந்திரிக்கல. பையை எடுத்து மடியில வெச்சதும் கெளம்பறேன்னு நெனச்சுட்டயாட்ட இருக்குது. பழக்கதோசம். இடைவேளைன்னு எழுத்து வந்தாப் போதும், என்ற கை தானாப் பைக்குப் போயிரும். இன்னைக்கு இவிய சீக்கிரமே உட்டுட்டாங்க. எனக்கு இன்னும் கால் மணி நேரமாச்சும் இருக்குது. லைட்டுப் போட்ட தேட்டர்ல நான் உக்காந்து பாத்ததே இல்ல தெரியுமா? சீட்டெல்லாம் செகப்பா இது? நான் இத்தனை நாளும் நீலம்னு நெனச்சுட்டிருந்தேன்.

ஆமாங்கறேன், பாதிப் படந்தான். எல்லாப் படமும் பாதிதான். ரெண்டு வருசமா வாரம் ஒரு படம் பாக்கறேன். தமிழு, தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்திக்காரன் படம், எது ஓடுதோ அது. ஒண்ணுக்காச்சும் முடிவு என்னன்னு கேட்டுப் பாரு, எனக்குத் தெரியாது. சிரிக்காத கண்ணு. சரி, சிரிச்சுக்கோ, போச்சாது, ஒண்ணுமில்ல. டிக்கெட் குடுக்கறவரு கிட்டயே ஒருக்கா கேட்டேன், பாதி பாக்கறவளுக்கு அரை டிக்கெட் கெடையாதான்னு. அவரு என்னைய ஏற எறங்கப் பாத்துப்போட்டு, அக்கா, முழுசாப் பாத்தவன்தான் காசைத் திருப்பிக் குடுங்கறான், நீங்க பாதியில தப்பிச்சுப் போறவங்க, உங்களுக்கு என்ன கொறைன்னாரு. அதுஞ்செரிதான்னு வந்துட்டேன்.

ஏன்னு கேக்கறயா? எதுக்கால ஆஸ்பத்திரி இருக்குதல்ல, பச்சைப் பெயின்ட் அடிச்சது, அதுல மாடியில கை கால் பயிற்சி குடுக்கறாங்க. என்ற வீட்டுக்காரரு அங்க இருக்கறாரு. இடுப்புக்குக் கீழ அவருக்கு வராது. வியாழக்கெழமை வியாழக்கெழமை பதினொரு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனா, பன்னெண்டே முக்காலுக்குத்தான் வெளிய தள்ளிட்டு வருவாங்க. கூட வந்தவங்க உள்ள நிக்கக் கூடாது. வெளிய ஒரு இரும்புப் பெஞ்சு போட்டிருக்குது. மொதல்ல ஆறேழு வாரம் அதுலதான் உக்காந்திருந்தேன். உள்ள அவரு பல்லைக் கடிச்சுட்டுக் கத்தறது நல்லாக் கேக்கும். காதைப் பொத்துனாலுங் கேக்கும். ஒரு நாளு முடியலைன்னு கீழ எறங்குனேன். எதுக்கால இது தொறந்திருந்துது. என்ன படம்னு பாக்கக்கூட இல்ல, உள்ள வந்து உக்காந்துட்டேன்.

இல்லில்ல, அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பக்கத்து வீதியில மாரியம்மன் கோயில் இருக்குதல்ல, அங்க போயி உக்காந்திருக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இதா பாரு, துந்நூறுப் பொட்டணம் பையிலயே கெடக்கும். தேட்டர் வாசல்ல பைப்படியில மூஞ்சியக் கழுவிப்போட்டு, நெத்தி நெறையப் பூசிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவேன். அதனாலதான் உன்ற பாப்கார்ன் வேண்டாம்னேன், கோவிச்சுக்காத. கையில வெண்ணெய் வாசம் ஒட்டிக்கும். மாரியாத்தா கோயில்ல யாரு பாப்கார்ன் குடுக்கறாங்க?

தெரிஞ்சா அடிப்பாரான்னா? அடிக்கறதுக்கு எங்க கண்ணு எந்திரிச்சு வரப் போறாரு. அப்படி ஆளும் இல்ல. பேச மாட்டாரு, அவ்வளவுதான். செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அப்பறம் ஆஸ்பத்திரிக்கே வரலைம்பாரு. அவரு வரலைன்னா எனக்கு இந்த வாசப்படியுங் கெடையாது. பனியன் கம்பெனிக்காரங்க துணிய வீட்டுக்கே கொண்டாந்து போட்டுர்றாங்க, பிசிறு வெட்டி மடிச்சு வெச்சா அவங்களே எடுத்துட்டுப் போயிர்றாங்க. காய்காரன் வாசலுக்கு வர்றான். ரேசனுக்கு எதுத்த வீட்டுப் பையன் போயிருவான். எனக்கு வெளிய போறதுக்குன்னு ஒரு காரணம் வேணுமல்ல? இதொண்ணுதான் இருக்குது.

எங்க வீட்டுல சினிமாப் பேச்சே எடுக்கக் கூடாது கண்ணு. டிவி மேல சீலைத்துணி போட்டு மூடி வெச்சிருக்குது. என்ற புள்ள ஏழாவது படிக்கறா, பள்ளிக்கூடத்துல கத்துட்ட புதுப்பாட்டை மொணமொணன்னு பாடிட்டே வருவா, வாசக் கேட்டுல கை வெச்சதும் வாய மூடிக்குவா. சொல்லாமயே பழகிட்டா. அதனால பாத்ததை யாருகிட்டயும் பேச முடியாது. நல்ல படம்னாலும் வயித்துக்குள்ளதான், மோசம்னாலும் வயித்துக்குள்ளதான். இன்னைக்கு நீ மாட்டிக்கிட்ட. ஏன் பேசக் கூடாதுன்னா, அது இரு, சொல்றேன்.

மொதல்ல இதைச் சொல்லு, இப்ப வர்ற படமெல்லாம் ஏன் இப்படி இருட்டாவே இருக்குது? கரண்ட் போன வீட்டுக்குள்ள சண்டை போட்டாப்ல. எல்லாரும் தாடி. நல்லவனுக்குந் தாடி, கெட்டவனுக்குந் தாடி, போலீசுக்காரனுக்குந் தாடி. அடிக்கறவன் யாரு அடி வாங்கறவன் யாருன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள செத்துப்போயிடறான். ஒரே புழுதி. ஒண்ணு சொரங்கம், இல்லீன்னா தொறமுகம். இந்த நாட்டுல கடை வெச்சுப் பொழைக்கறவன், தறி ஓட்டறவன், பஸ்ஸுல போறவன் ஒருத்தனுமே இல்லையா? அப்பறம் அந்தச் சத்தம்! நெஞ்சுக்குள்ள கையை உட்டு ஆட்டுனாப்ல. நான் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி எடுத்துட்டு வந்துருவேன். இதா. வேணும்னா நீயொண்ணு வெச்சுக்கோ, புதுத்துணிதான். ரெண்டு காதுலயும் அடைச்சுட்டா, ஈரோ கத்தறது அளவா, மனுசன் பேசறாப்ல கேக்கும்.

இந்தத் தெலுங்குக்காரங்க படம் இருக்குதே, அது ஒரு தினுசு. ஒரு ஆளு, மூட்டை தூக்கறவனா இருப்பான், இல்லீன்னா லாரிக்கு டயர் மாத்தறவனா இருப்பான். எவன் என்ன சொன்னாலும் கையைக் கட்டிட்டு நிப்பான். காறித் துப்புனாக்கூடத் தொடைச்சுக்குவான். நமக்கு அடிவயிறு எரியும். அப்பறம் யாராச்சும் ஒரு கொழந்தை மேலயோ கெழவி மேலயோ கையை வெப்பாங்க. உடனே எங்கயோ தில்லியில ஒரு பெரிய அதிகாரி போட்டாவப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னு, அவன் யாருன்னு தெரியுமாடான்னு கத்துவாரு. இடைவேளை! நான் பையை எடுத்துட்டுக் கெளம்பிருவேன். இத்தனை படம் பாத்தேன், அவன் யாருன்னு ஒருக்காக்கூட எனக்குத் தெரிஞ்சதில்ல. ராசாவா, மிலிட்டரிக்காரனா, கொலைகாரனா, ஒரு எழவுந் தெரியாது. எனக்கு அவன் மூட்டை தூக்கறவன்தான். பொறுமைசாலி. அடி வாங்கிட்டே இருக்கற நல்ல மனுசன்.

இப்ப இன்னொண்ணு கெளப்பி உட்டிருக்காங்களே, பாகம் ஒண்ணு, பாகம் ரெண்டுன்னு. மீதிய ரெண்டு வருசங் கழிச்சு வந்து பாருங்கறாங்களாம். அன்னைக்கு வாசல்ல ஜனம் அப்படிக் கடுகடுன்னு போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இப்பத் தெரியுதா என்ற கஷ்டம்னு கேக்கலாமாட்ட இருந்துது. ஊரே இப்ப என்னையாட்டம் பாதிப் படம் பாத்துட்டுத்தான் போகுது.

மலையாளப் படம் எனக்குப் புடிக்கும். ஆமா, அதுல மனுசங்க சோறாக்குவாங்க, துணி காயப் போடுவாங்க. ஒரு படத்துல ஒரு குடும்பம், வீட்டுக்கு முன்னாடி சாஞ்சு கெடக்கற தென்னமரத்தை வெட்டலாமா வேண்டாமான்னு சண்டை. அண்ணன் வெட்டோணுங்கறான், தம்பி வேண்டாங்கறான், அவங்கம்மா மீன் அலசிட்டே பேசாம இருக்குது. அரிவாளை எடுத்துட்டு ஒருத்தன் மரத்துக்கிட்ட வர்றான். இடைவேளை. எட்டு மாசமாச்சு கண்ணு. பாத்திரம் கழுவறப்பெல்லாம் ஞாபகம் வந்துரும். வெட்டுனாங்களா இல்லையா? நீ பாத்தியா அந்தப் படம்? பாக்கலையா. செரி உடு. வெட்டாமத்தான் உட்டிருப்பாங்க.

பொம்பளைங்களை இவிய என்ன பண்றாங்கன்னு பாத்தியா? ஒரு பாட்டுக்கு வருவா. குட்டைப் பாவாடையோட பனிமலையில ஆடுவா, அவன் மட்டும் கம்பளிக் கோட்டு போட்டிருப்பான். அப்பறம் காணாமப் போயிருவா. எங்க போனா, சாப்புட்டாளா, ஊருக்குப் போயிச் சேந்தாளா, யாரும் தேட மாட்டாங்க. கட்டிக்கிட்டவளா இருந்தா இன்னும் மோசம். அவ செத்தாத்தான் இவனுக்குக் கோவம் வரும். பொண்டாட்டி நெத்தியில பொட்டு வெச்சுட்டு, சிரிச்ச மொகமா, சீக்கிரம் வந்துருங்கன்னு டாட்டா காட்டுனான்னு வெய்யி, அவ கணக்கு முடிஞ்சுது. நான் உடனே மனசுக்குள்ள சொல்லுவேன், சிரிக்காதடி, உள்ள போயித் தாழ்ப்பாளைப் போட்டுக்கடின்னு.

என்ன கண்ணு? ஆமா, எனக்கு ஆகாதது சண்டைதான். சண்டையே ஆகாதுன்னு இல்ல. ஈரோ ஒத்தக் கையில அடிக்கறான், முப்பது பேரு பறக்கறானுங்க. ஒருத்தன் மாடியில இருந்து கீழ விழறான், ஒருத்தன் கார் கண்ணாடி மேல, இன்னொருத்தன் முதுகு மடங்கி இரும்புக் கம்பி மேல. தேட்டரே விசில் அடிக்குது. நான் அந்த விழுந்தவனைப் பாத்துட்டே இருப்பேன். கேமரா அந்தப் பக்கம் போயிரும், நான் போக மாட்டேன். இவனை யாரு தூக்குவா? வீட்டுக்கு யாரு சொல்லுவா? பொண்டாட்டி அடுப்புல என்ன வெச்சிருப்பா அந்நேரம்? முதுகு மடங்கி விழுந்தவன் அவ்வளவு லேசுல எந்திரிக்க மாட்டான் கண்ணு. அவனைப் பொரட்டிப் போடறதுக்கே ரெண்டு ஆளு வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டோணும், இல்லீன்னா புண்ணு வெச்சுரும். மூத்திரப் பைய மாத்தோணும். அவனுக்கு யாரு கஞ்சி ஊத்துவான்னு ஒரு படத்துலயாச்சும் காட்டறாங்களா? முப்பது பேரு விழுந்தா முப்பது வீடு கண்ணு.

அதே ஈரோ விழுந்தாப் பாரு. ஏழு மாடி. மலை உச்சி. ஏரோப்ளேன்ல இருந்துகூட விழுந்தான் ஒருத்தன், போன தீவாளிக்கு. சட்டை கசங்கறதில்ல. தலை கலையறதில்ல. இப்ப நம்ம பாத்தமே, அணைக்கட்டு மேல இருந்து ஈரோவை அந்தத் தாடிக்காரன் புடிச்சுத் தள்ளி உட்டானே, எவ்வளவு ஒசரம் இருக்கும்? நூத்தம்பது அடி இருக்குமா? அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்து, மணல்ல குப்புறக் கெடக்கறான், ரத்தம் உதட்டோரத்துல மட்டும் ஒரு சொட்டு. அப்பறம் காலைக் காட்டுனாங்கல்ல, கிட்டத்துல? செருப்பில்லாம? பெருவிரல் ஆடுச்சா கண்ணு? நீ பாத்தியா? எனக்கு ஆடுனாப்லதான் இருந்துது. அதுக்குள்ள எழுத்துப் போட்டுட்டான்.

எங்க வீட்டுக்காரரு விழுந்தது பதினெட்டு அடிதான்.

ஆமா. விழுந்துதான் இப்படி ஆச்சு. எங்கயா? இந்த ஆளு மேல இருந்துதான். இதா, இந்தப் படத்துல குப்புறக் கெடக்கறானே இளமாறன், இவன் மேல இருந்துதான். கட்அவுட்டு. போன படம் வந்தப்ப. மாறண்ணன்னுதான் இவனைச் சொல்லுவாங்க, இவன் ரசிகர் மன்றத்துல எங்க வீட்டுக்காரருதான் செயலாளரு. சிகாமணின்னு சொன்னா அந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் தெரியும். கம்பெனியில கட்டிங் மாஸ்டர், கத்தி புடிச்சா நூலு பெசகாது. அப்பேர்ப்பட்ட கை. படம் வந்தா மட்டும் ஆளு வேற. முப்பதடியில மாறண்ணனை நிக்க வெச்சு, பின்னால மூங்கில்ல சாரங் கட்டி, காலையில அஞ்சு மணி ஆட்டத்துக்கு முன்னாடி பால் ஊத்தறதுக்குக் கேனைத் தூக்கிட்டு ஏறுனாரு. அன்னைக்கு எங்க வீதிக்கே பால் வரல. புள்ளைக்குக் கடுங்காப்பி போட்டுக் குடுத்துட்டு, எங்க போச்சு இந்தப் பால்காரன்னு வாசல்ல நின்னு திட்டிட்டிருக்கறேன், மன்றத்துப் பசங்க ஓடியாறாங்க. எல்லாப் பாலும் அங்கதான் போயிருக்குது. மேல இருந்தவன் ஊத்துனது மூங்கில் மேல வழிஞ்சிருக்குது. பால் வழுக்கும்னு இவியளுக்குத் தோணலை. தலை வரைக்கும் போயிருந்தாருன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவரு போனது மாறண்ணன் பெல்ட்டு வரைக்குந்தான். அங்க இருந்து விழுந்தாரு.

மாறண்ணன் வந்து பாத்தாராங்கறயா? நேர்ல வரல. போன்ல மூஞ்சி காட்டிப் பேசுனாரு. அதைப் போட்டா எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது எங்க வீட்டுல, நான்தான் தெனமும் தொடைக்கறேன். கட்அவுட்டுக்கெல்லாம் இனிமே பால் ஊத்தாதீங்க, குடும்பத்தைப் பாருங்கன்னு அறிக்கை உட்டாரு. நல்ல மனுசந்தான், கொறை சொல்லக் கூடாது. எனக்குத்தான் அந்தப் போட்டாவைப் பாத்தா பத்திட்டு வருது. தொடைச்சு மாட்டிருவேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கோவம்லாம் இல்ல. இப்பவும் அண்ணன்னுதான் சொல்லுவாரு. அதுதான் சொல்ல வந்தேன், ஏன் வீட்டுல சினிமாப் பேச்சு ஆகாதுன்னு. ஆஸ்பத்திரிக் கட்டல்ல படுத்துட்டுச் சத்தியம் பண்ணிட்டாரு. அண்ணனோட அடுத்த படத்துக்கு என்ற காலுல நடந்து தேட்டருக்குப் போவேன், அது வரைக்கும் எந்தப் படமும் பாக்க மாட்டேன், பாட்டு கேக்க மாட்டேன், பேச மாட்டேன்னு. அண்ணன் படத்துக் கதை ஒரு சொட்டுக்கூடக் காதுல விழுகக் கூடாதாம். புதுசாப் பாக்கோணுமாம். பழனிக்கு மொட்டை போடறேன்னு வேண்டுனாக்கூட ஒரு நாள் முடிஞ்சிரும். இது முடியற வேண்டுதலையா சொல்லு?

படம் வந்துருச்சு. போன வெள்ளிக்கெழமை. வர்ற வழியெல்லாம் போஸ்டரு. ஆட்டோவுல ஏத்துனதும் கண்ணை இறுக்கி மூடிக்கறாரு. ஆஸ்பத்திரி வந்துதா சாந்தா, வந்துதா சாந்தான்னு கேட்டுட்டே வர்றாரு. கண்ணு மூடுனபடியே, கூட்டம் எப்படியிருக்குது தேட்டர்லன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? வாசல்ல நாய் படுத்துட்டிருக்குது. பாரு, இங்க மொத்தமே இருபது பேரு இருப்பமா? வரிசை நிக்குது மாமா, ரோடு வரைக்கும் நிக்குதுன்னேன். அவரு மூஞ்சியப் பாக்கோணுமே அப்ப. அப்ப நாலு வாரமாச்சும் ஓடும், அதுக்குள்ள எந்திரிச்சுருவேன்னாரு.

இப்பெல்லாம் எந்தப் படங் கண்ணு நாலு வாரம் ஓடுது? வெள்ளிக்கெழம வந்ததை அடுத்த வெள்ளிக்கெழம தூக்கிர்றான். நாளைக்கு இங்க வேற படமாம், கீழ போஸ்டர் ஒட்டிட்டிருந்தாங்க. நான் வர்ற வழிக்குத்தான் பயந்துட்டிருக்கறேன். அடுத்த வாரம் கண்ணைத் தொறந்து பாத்தாருன்னா?

உள்ள அவரு என்ன பண்ணிட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் கம்பி இருக்கும், அதுல கையை ஊணிட்டு, காலை மரக்கட்டை வெச்சுக் கட்டி, நிக்க வெப்பாங்க. பயிற்சி குடுக்கற பையன் நல்ல பையன். கால் பெருவிரலை ஆட்டுங்கண்ணாம்பான். இவரு வேர்த்து ஊத்த ஊத்த அதையே பாத்துட்டிருப்பாரு. வீட்டுலயும் அதே வேலைதான். போர்வைய வெலக்கச் சொல்லி, பாரு சாந்தா, ஆடுதா, ஆடுதாம்பாரு. நான் குனிஞ்சு பாப்பேன். ஆடுனாப்லதான் இருக்குது மாமாம்பேன்.

என்ன கண்ணு, கண்ணைத் தொடைச்சுக்கற? அட, விடு. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீ லீவு போட்டுட்டுப் படம் பாக்க வந்த புள்ள, உன்னையப் போயி இப்படி.

அந்தப் பெருவிரலு ஆடாது கண்ணு. அது ஆடாது. பெரிய டாக்டரு சித்திரையிலயே என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நரம்பு அறுந்துருச்சும்மா, இனி நடக்கறதுங்கறது இல்ல, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து அவரையும் கஷ்டப்படுத்த வேண்டாம், வீட்டுலயே கையக் காலை நீட்டி மடக்கி உடுங்க போதும்னாரு. நான் தலைய ஆட்டிட்டு வெளிய வந்தேன். பெஞ்சுக்குப் பக்கத்துல அவரு சக்கர வண்டியில உக்காந்திருக்கறாரு, டாக்டரு என்ன சொன்னாரு சாந்தான்னாரு. அடுத்த வியாழக்கெழமையும் வரச் சொன்னாரு மாமான்னேன்.

தெனமும் நெனப்பேன், இன்னைக்குச் சொல்லிரோணும்னு. அவருக்கு நம்பிக்கை போயிருமேன்னு சொல்லலையா, எனக்கு இந்தப் பாதிப் படம் போயிருமேன்னு சொல்லலையா, எனக்கே தெரியல கண்ணு. ரெண்டும் ஒண்ணோடொண்ணு சிக்குப் புடிச்சுக் கெடக்குது. பிசிறு வெட்டறவதான் நானு, இதை மட்டும் வெட்டத் தெரியல.

மணி அடிச்சுட்டான். நான் எந்திரிக்கறேன். இல்ல, முழுசாப் பாக்க முடியாது, நீ வேற. மூஞ்சியக் கழுவோணும், துந்நூறு பூசோணும். வெளிய தள்ளிட்டு வர்றப்ப பெஞ்சுல என்னையக் காணோம்னா அவரு மொகம் போயிரும். எனக்கு வேண்டிக்கிட்டியாம்பாரு. ஆமாம்பேன். அது பொய்யில்ல. அந்த ஆளு அணைக்கட்டுல இருந்து விழுந்தப்ப நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நீ பாக்கல.

ஒரு ஒத்தாசை பண்ணுவயா கண்ணு? என்ற நம்பரைக் குறிச்சுக்கோ. எழுதி அனுப்பிராத, போனு அவரு கையிலதான் இருக்கும், படிச்சுருவாரு. கதையும் எனக்கு வேண்டாம். இவன் யாரு, தாடிக்காரனுக்கும் இவனுக்கும் என்ன பகை, ஒண்ணும் வேண்டாம். அந்த ஆளு மணல்ல இருந்து எந்திரிச்சான்னா, ஒரே ஒரு மிஸ்டு கால் குடு. நான் எடுக்க மாட்டேன். மணி அடிச்சா போதும், தெரிஞ்சுக்குவேன். யாருன்னு அவரு கேப்பாரு, கம்பெனிக் காலுன்னு சொல்லிக்கறேன். எந்திரிப்பான்னு எனக்குந் தெரியும், இவ்வளவு படம் பாக்கறேன், அது தெரியாதா? இருந்தாலும் கண்ணால பாத்தவங்க ஒருத்தரு சொல்லோணுமல்ல.

லைட்டை அணைச்சுட்டாங்க. காலைக் கொஞ்சம் இழுத்துக்கோ, போயிர்றேன். மறந்துராத கண்ணு. எந்திரிச்சான்னா ஒரு மணி.

எந்திரிக்கலைன்னாலும் குடுத்துரு.